ஒரே கட்டம், இரண்டு கேள்விகள்: படிவம் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

படிவங்களையும் கணக்கெடுப்பு வினாத்தாள்களையும் மருத்துவப் பதிவேடுகளையும் செயலிகளையும் வடிவமைக்கும் குழுக்களுக்கு,

வணக்கம்.

பெயர், பிறந்த தேதி, அடுத்து 'பாலினம்: ஆண் / பெண்'. நீங்கள் தயாரிக்கும் படிவங்களில் மூன்றாவது வரி பெரும்பாலும் இதுதான். முந்தைய படிவத்தில் இருந்தது, அதனால் இதிலும் இருக்கிறது. இந்த விடையை வைத்து என்ன முடிவெடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டால் பல குழுக்களிடம் பதில் இருப்பதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மருத்துவத் தரவு, கல்வி மதிப்பீடு ஆகிய துறைகளில் இந்தக் கட்டத்தில் விழும் விடைகளை ஆராய்வதுதான் எங்கள் வேலை. அதனால் சொல்கிறோம்: ஒரே கட்டத்துக்குள் இரண்டு வெவ்வேறு கேள்விகளை அடைத்து வைத்திருக்கிறீர்கள். உடலைப் பற்றிக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விடுகிறீர்கள். கேட்கத் தேவையே இல்லாத இடத்தில் கேட்டு, கிடைத்த விடையின் மேல் ஊகங்களை அடுக்குகிறீர்கள்.

உடலைப் பற்றியதை இந்த மடலில் 'பால்' என்று எழுதுகிறோம். சமூகம் ஒருவரை எங்கே வைக்கிறது, அவர் தம்மை யாராக உணர்கிறார் என்பதைப் 'பாலினம்' என்கிறோம். ஒருவருக்கு யார்மீது ஈர்ப்பு என்பது மூன்றாவது சங்கதி. அதற்கும் இந்தக் கட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அதையும் இதிலிருந்தே ஊகித்துக்கொள்கிறவர்கள் உண்டு.

முதலில் பால். குழந்தை பிறந்ததும் ஒரு நொடியில் எழுதிவிடுகிற விஷயம்தானே என்று தோன்றும். அந்த நொடியில் பார்ப்பது வெளியுறுப்பை மட்டும். உண்மையில் குரோமோசோம், இனச்சுரப்பி, ஹார்மோன், உள் இனப்பெருக்க உறுப்புகள், வெளியுறுப்பு என்று ஐந்து அடுக்குகள் இருக்கின்றன. கருவின் முதல் ஆறு வாரங்களில் எல்லோருடைய இனச்சுரப்பியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு திசையிலும் வளரக்கூடியது. ஒய் குரோமோசோமின் குட்டைக் கையில் உள்ள எஸ்ஆர்ஒய் என்ற மரபணு (1990இல் அடையாளம் காணப்பட்டது) இயங்கினால் அது விந்தகமாகத் திரும்புகிறது. அந்த மரபணு இல்லாவிட்டால் 'தானாகவே' சூலகம் ஆகிவிடும் என்று பழைய பாடநூல்கள் சொல்லும். அது சரியல்ல. சூலகம் உருவாக டபிள்யூஎன்டி4, ஆர்எஸ்பிஓ1 போன்ற மரபணுக்கள் முனைந்து வேலை செய்தாக வேண்டும். ஆண் என்றால் செயல், பெண் என்றால் செயலின்மை என்ற வார்ப்பு கருவியல் பாடத்துக்குள்ளும் புகுந்து நெடுநாள் உட்கார்ந்திருந்தது என்பதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கிறோம்.

விந்தகம் உருவானபின் அதிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோன் ஆண் உள்நாளங்களைத் தக்கவைக்கிறது. அதே விந்தகம் சுரக்கும் இன்னொரு ஹார்மோன், கருப்பையாக வளர்ந்திருக்கக்கூடிய நாளங்களை அழிக்கிறது. வெளியுறுப்பு ஆண் வடிவம் பெற டெஸ்டோஸ்டிரோன் மட்டும் போதாது. அது டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற வேண்டும். இத்தனை படிகளில் எதில் மாற்றம் வந்தாலும் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. எக்ஸ்ஒய் குரோமோசோம் இருந்தும் ஆண்ட்ரோஜன் (டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்) ஏற்பி முற்றிலும் வேலை செய்யாதவருக்குப் புறத்தோற்றம் பெண்ணுடையது. உள்ளே விந்தகம் இருக்கும், கருப்பை இருக்காது. பருவ வயதில் மாதவிடாய் வராமல் பரிசோதனைக்குப் போகும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. எக்ஸ்எக்ஸ் குழந்தைக்கு 21-ஹைட்ராக்சிலேஸ் நொதி குறைந்தால் அட்ரினல் சுரப்பி ஆண்ட்ரோஜனை மிகுதியாகச் சுரக்கும். பிறக்கும்போது வெளியுறுப்பு ஆண் வடிவத்தை நெருங்கியிருக்கலாம். இதில் கடுமையான வகை உடலின் உப்பை இழக்கச் செய்து முதல் சில வாரங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகும். அங்கே 'ஆணா பெண்ணா' என்ற கவலையைவிட ரத்தத்தில் சோடியம் எவ்வளவு என்பதுதான் அவசரக் கேள்வி.

பெண் குழந்தைகளில் ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பேரில் ஒருவருக்கு ஒரே ஓர் எக்ஸ் (டர்னர் நிலை). ஆண் குழந்தைகளில் 500 முதல் 1,000 பேரில் ஒருவருக்கு எக்ஸ்எக்ஸ்ஒய் (கிளைன்ஃபெல்டர் நிலை). இப்படி அடுக்குகள் ஒத்துப்போகாத ஊடுபால் மக்கள் மொத்தம் எத்தனை பேர் என்பதற்கு 0.05 விழுக்காட்டிலிருந்து 1.7 விழுக்காடு வரை மதிப்பீடுகள் உண்டு. இவ்வளவு பெரிய இடைவெளி வருவது எண்ணியதில் வந்த பிழையால் அல்ல. எந்தெந்த நிலைகளைச் சேர்ப்பது என்ற வரையறை மாறுவதால். எண்ணை மேற்கோள் காட்டுகிறவர்கள் வரையறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிகப் பெரும்பான்மையோருக்கு ஐந்து அடுக்குகளும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன என்பதையும் மறைக்கத் தேவையில்லை. அதனால்தான் 'ஆண் / பெண்' என்ற இரண்டு விடைகளை வைத்துப் பல புள்ளிவிவரங்களை ஓட்டிவிட முடிகிறது.

இனி பாலினம். ஆய்வுலகில் 'பாலினப் பாத்திரம்' என்ற கருத்தை ஜான் மணி 1955இல் கொண்டுவந்தார். பாலையும் பாலினத்தையும் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தைச் சமூகவியலில் ஆன் ஓக்லி 1972இல் பரவலாக்கினார். பிரித்துப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு இரண்டு சோதனைகள் போதும். 1976இல் காண்ட்ரி, காண்ட்ரி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே குழந்தையின் ஒரே படச்சுருளை 204 பேருக்குக் காட்டினார்கள். பெட்டியிலிருந்து பொம்மை திடீரெனத் துள்ளி எழ, குழந்தை அழுகிறது. ஆண் குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளும் பக்கம் சாய்ந்தார்கள். பெண் குழந்தை என்று சொல்லப்பட்டவர்களுக்கு அதே அழுகை பயமாகத் தெரிந்தது. இன்னொன்று 2000ஆம் ஆண்டில் நடந்தது. 11 மாதக் குழந்தை தவழ்ந்து இறங்கக்கூடிய சரிவு எவ்வளவு இருக்கும் என்று தாய்மாரிடம் கேட்டார்கள். சரிவை ஏற்றி இறக்கக்கூடிய ஒரு பலகையில் அவர்களே கோணத்தைக் காட்ட வேண்டும். பெண் குழந்தைகளின் தாய்மார் திறனைக் குறைத்துச் சொன்னார்கள், ஆண் குழந்தைகளின் தாய்மார் கூட்டிச் சொன்னார்கள். பிறகு குழந்தைகளை உண்மையிலேயே தவழவிட்டபோது இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. பேசக்கூடத் தெரியாத குழந்தை மேல் அளவுகோல் ஏறிவிடுகிறது. ஏற்றுவது உடல் அல்ல, பெற்றவர்களின் எதிர்பார்ப்பு.

தொழில்களுக்கும் இதே கதைதான். 1946இல் அறிமுகமான எனியாக் கணினிக்கு நிரல் எழுதியவர்கள் கே மெக்நல்ட்டி, பெட்டி ஜென்னிங்ஸ் உள்ளிட்ட ஆறு பெண்கள். நிரல் எழுதுவது அப்போது எழுத்தர் வேலையோடு சேர்த்து எண்ணப்பட்டது. கருவியைக் கட்டுவதுதான் பெரிய வேலை, அது ஆண்களுக்கு. நிரலுக்கு மதிப்பும் சம்பளமும் ஏறியபின் அது 'ஆண்களின் இயல்புக்கு ஏற்ற' வேலையாகிவிட்டது. அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் 1980களின் நடுவில் ஏறத்தாழ 37 விழுக்காடு. 2010 வாக்கில் அது 18 விழுக்காட்டுக்கு அருகில் வந்து நின்றது. இருபத்தைந்து ஆண்டில் எந்தக் குரோமோசோமும் மாறவில்லை.

இதெல்லாம் படிவத்துக்கு எதற்கு என்று கேட்பீர்கள். உடலால் வரும் வேறுபாட்டையும் சமூகத்தால் வரும் வேறுபாட்டையும் ஒரே எண்ணாகச் சேர்த்துவிட்டால், எதைத் திருத்துவது என்று யாருக்கும் தெரியாமல் போகிறது. கார் மோதல் சோதனையைப் பாருங்கள். உலகெங்கும் அதிகம் பயன்பட்ட சோதனைப் பொம்மை 1976இல் வந்த ஹைபிரிட் 3. ஏறத்தாழ 175 செ.மீ. உயரம், 78 கிலோ எடை, சராசரி ஆண். பெண்ணுக்கென்று பின்னால் வந்தது சுமார் 150 செ.மீ., 49 கிலோ. அது ஆண் பொம்மையைச் சுருக்கிச் செய்தது. சராசரிப் பெண்ணையும் அது குறிக்கவில்லை, பெண்களில் மிகச் சிறிய உருவமுடைய 5 விழுக்காட்டினரைத்தான் குறித்தது. சராசரிப் பெண்ணின் அளவில், 162 செ.மீ., 62 கிலோவில், ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டரின் குழு பின்புற மோதலுக்கான பொம்மையைக் காட்டியது 2022இல்.

இடையில் 2011இல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. சீட்பெல்ட் அணிந்த பெண் ஓட்டுநர்கள் கடுமையாகக் காயமடையும் வாய்ப்பு, ஒப்பிடத்தக்க மோதல்களில் ஆண்களைவிட 47 விழுக்காடு கூடுதல் என்றது அது. இந்த 47 எல்லா மேடையிலும் ஒலிக்கிறது. அதோடு நின்றுவிடக் கூடாது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2021இல் இன்னும் நெருங்கிப் பார்த்தது. பெண்கள் ஓட்டுவது பெரும்பாலும் சிறிய, எடை குறைந்த வண்டிகள். மோதலில் இடிக்கும் வண்டியில் ஆண்களும் இடிபடும் வண்டியில் பெண்களும் இருப்பது அதிகம். ஒரே மாதிரி வண்டி, ஒரே மாதிரி மோதல் என்று எடுத்துக்கொண்டால் இடைவெளியின் பெரும்பகுதி சுருங்கிவிடுகிறது. ஆனால் காலில் ஏற்படும் காயங்களில் வேறுபாடு நிற்கிறது. ஆக அந்த ஒற்றை எண்ணுக்குள் இரண்டு சங்கதி இருக்கிறது. உடலமைப்பு, உட்காரும் நிலை என்பது ஒன்று. அதற்கு மருந்து சரியான பொம்மை. யார் எந்த வண்டியை ஓட்டுகிறார் என்பது இன்னொன்று. அதற்கு மருந்து சிறிய வண்டியும் பெரிய வண்டியும் மோதும்போது பளு எப்படிப் பகிரப்படுகிறது என்ற வடிவமைப்பு. விபத்துப் பதிவுப் படிவத்தில் 'ஆண் / பெண்' மட்டும் இருந்து உயரம், எடை, இருக்கை எவ்வளவு முன்னால் இழுக்கப்பட்டிருந்தது, வண்டியின் எடை ஆகியவை இல்லாவிட்டால் இந்த இரண்டையும் எந்தக் கணித வித்தையாலும் பிரிக்க முடியாது.

மருந்தில் உடல் இன்னும் நேரடியாகப் பேசுகிறது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையை 10 மி.கி. எடுத்து 8 மணி நேரம் கழித்தும், வண்டி ஓட்டுவதற்கு ஆபத்தான அளவு ரத்தத்தில் மீந்திருந்தது பெண்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்கு, ஆண்களில் சுமார் 3 விழுக்காட்டினருக்கு. பெண்கள் உடலிலிருந்து அது மெதுவாக வெளியேறுகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013 ஜனவரியில் பெண்களுக்கான அளவை 5 மி.கி. ஆகக் குறைக்கச் சொன்னது. மாத்திரை சந்தைக்கு வந்து அதற்குள் இருபது ஆண்டு ஆகியிருந்தது. அதே நிர்வாகம்தான் 1977 முதல் 1993 வரை, கருவுறக்கூடிய வயதுப் பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கி வைக்கச் சொல்லியிருந்தது. பெண்ணைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தில் போட்ட விதி, பெண்ணுக்கு எவ்வளவு மருந்து என்ற தகவலையே இல்லாமல் ஆக்கியது.

வார்ப்புகளால் ஆண்களுக்கும் அடி விழுகிறது. மார்பகப் புற்றுநோயாளிகளில் சுமார் 1 விழுக்காடு ஆண்கள். எலும்புத் தேய்மானம் பெண்களின் நோய் என்று முத்திரை குத்தியாகிவிட்டது. ஆனால் இடுப்பெலும்பு முறிந்தபின் இறந்துபோகும் வாய்ப்பு ஆண்களுக்கே கூடுதல். 'ஆண்' என்று டிக் செய்ததும் இந்தக் கேள்விகளைத் தாண்டிப் போகும்படி எழுதப்பட்ட மென்பொருள், அவர்களைப் பரிசோதனைக்கே அனுப்பாது.

எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். உடல் பேசாத இடத்தில் உடலை இழுத்து வருவது. ஆண்-பெண் உளவியல் வேறுபாடுகள் பற்றிய 46 தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுபவை) உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005இல் சேர்த்துப் பார்த்தார். கணிதம், மொழி, தன்மதிப்பு என்று பலவற்றை அளந்த அந்த முடிவுகளில் 78 விழுக்காடு சிறியவை அல்லது பூஜ்யத்தை ஒட்டியவை. 'சிறியது' என்றால் எவ்வளவு? இரண்டு சராசரிகளின் இடைவெளி, விடைகள் சிதறிக் கிடக்கும் அளவில் (திட்ட விலக்கம்) 0.2 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். இரு குழுவின் வளைவுகளும் 92 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியும். ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் குருட்டாம்போக்கில் எடுத்தால், சராசரி கூடுதலாக உள்ள குழுவைச் சேர்ந்தவர் மற்றவரை மிஞ்சுவது 100க்கு 56 முறை. நாணயம் சுண்டினால் 50. இந்த 6 முறை மிச்சத்தை நம்பித்தான் 'ஆண்களுக்கு இது வரும், பெண்களுக்கு அது வரும்' என்று ஆள் எடுக்கிறார்கள். உயரத்தில் இடைவெளி ஏறக்குறைய 2 மடங்கு; அங்கே 100க்கு 92 முறை ஆண் உயரமாக இருப்பார். அப்படிப்பட்ட இடத்தில்கூட, உங்களுக்கு வேண்டியது உயரம் என்றால் உயரத்தையே கேளுங்களேன். 2019 மார்ச்சில் விண்வெளி நிலையத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து செல்லவிருந்த விண்நடை மாற்றப்பட்டது, பயன்பாட்டுக்குத் தயாராக இருந்த நடுத்தர அளவு மேல்கவசம் ஒன்றே ஒன்றுதான் என்பதால். அங்கே தேவைப்பட்டது மார்பளவுப் பட்டியல்.

காப்பீட்டிலும் இந்தக் கட்டம் வேறொன்றுக்குப் பதிலாக நின்றுகொண்டிருந்தது. எத்தனை கிலோமீட்டர், எந்த நேரத்தில், எந்த வேகத்தில் என்று அளக்காமல் 'ஆண்' என்று எழுதிக் கட்டணத்தைக் கூட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2011 மார்ச்சில் தீர்ப்பளித்து, 2012 டிசம்பர் 21 முதல் புதிய ஒப்பந்தங்களில் பால் அடிப்படையிலான கட்டண வேறுபாட்டை நிறுத்தியது.

சரி, படிவத்தில் என்ன செய்ய வேண்டும்? கட்டத்தை வரைவதற்கு முன் அதற்கு எதிரே ஒரு வரி எழுதுங்கள்: இந்த விடையால் எந்த முடிவு மாறும்? எதுவும் மாறாது என்றால் கட்டம் வேண்டாம். செய்திமடலுக்குப் பதிவு செய்யவும், கடவுச்சொல்லை மாற்றவும், பொருளை வீட்டுக்கு அனுப்பவும் ஒருவரின் பால் தேவையில்லை. விளித்து எழுத வேண்டும் என்பதற்காகக் கேட்கிறீர்கள் என்றால், எப்படி விளிக்க வேண்டும் என்று கேளுங்கள். அங்கேயும் 'திரு, திருமதி, செல்வி' என்ற மூன்றை மட்டும் வைத்தால், ஆணிடம் கேட்காத திருமண நிலையைப் பெண்ணிடம் மட்டும் கேட்டு வாங்குகிறீர்கள். பெயரை மட்டும் போட்டாலே கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேரும்.

மருத்துவப் படிவத்தில் ஒற்றைக் கட்டம் பல நேரம் போதாது. ரத்தசோகையை முடிவு செய்ய உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை ஆண்களுக்கு 13 கிராம், கருவுறாத பெண்களுக்கு 12 கிராம் (ஒரு டெசிலிட்டருக்கு). டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும் திருநம்பிக்கு (பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர்) ஹீமோகுளோபின் சில மாதங்களில் ஆண்களுக்கான வரம்புக்குள் ஏறிவிடும். அவருக்குப் பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலை வைத்து எல்லை போட்டால் உண்மையான ரத்தசோகை கண்ணில் படாது. அதே நபருக்குக் கருப்பை வாய் இருந்தால் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டும். பதிவேட்டில் 'ஆண்' என்று மாறியதும் தானியங்கி அழைப்பு நின்றுவிடுவது தெரிந்த கோளாறு. திருநங்கைக்கு அறுவை சிகிச்சைக்குப் பின்னும் புராஸ்டேட் சுரப்பி இருக்கும். ஆகவே தனித்தனியாகக் கேளுங்கள்: பிறப்பில் பதிந்த பால், இப்போதைய பாலினம், எடுத்துக்கொள்ளும் ஹார்மோன், இருக்கும் உறுப்புகள். பரிசோதனை அழைப்பை உறுப்புப் பட்டியலோடு இணையுங்கள், பாலினக் கட்டத்தோடு அல்ல. எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை. கண்ணாடிக்குக் கண் பரிசோதிக்க வந்தவரிடம் கருப்பை இருக்கிறதா என்று கேட்பது வீண் துருவல்.

கணக்கெடுப்பில் கேள்வியின் வாசகம்தான் எல்லாம். இங்கிலாந்தும் வேல்ஸும் 2021 கணக்கெடுப்பில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களிடம், நீங்கள் அடையாளம் காணும் பாலினமும் பிறப்பில் பதிந்த பாலும் ஒன்றா என்று ஒரே வாக்கியத்தில் கேட்டன. 'இல்லை' என்றவர்கள் சுமார் 2,62,000 பேர், 0.5 விழுக்காடு. பிறகு பார்த்தால் ஆங்கிலம் சரியாக வராதவர்களிடையே இந்த விகிதம் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்திருந்தது; கேள்வி புரியாமலே பலர் டிக் செய்திருக்கலாம் என்ற சந்தேகம் வலுத்தது. 2024இல் அந்த எண்களின் அங்கீகாரத் தரத்தையே இறக்க வேண்டி வந்தது. கனடா அதே 2021இல் இரண்டு தனிக் கேள்விகளாகக் கேட்டது: பிறப்பில் பதிந்த பால் எது, இப்போதைய பாலினம் எது. 15 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 3.05 கோடிப் பேரில் 1,00,815 பேர் திருநர் அல்லது ஆண், பெண் என்ற இருமைக்குள் அடங்காதவர்கள். இரண்டு கேள்விகளும் தனித்தனியாக எளிமையாக இருப்பதால் புரியாமல் போகும் வாய்ப்பு குறைகிறது.

குறைகிறதே தவிர, மறைவதில்லை. இங்கேதான் பலர் கணக்கில் சறுக்குகிறார்கள். 10,000 பேரில் உண்மையில் 30 பேர் திருநர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 9,970 பேரில் 200க்கு ஒருவர் கைதவறித் தப்பான கட்டத்தில் டிக் செய்தால் சுமார் 50 பேர். உங்கள் அட்டவணையில் 80 திருநர். அதில் 50 பேர் திருநரே அல்லர். அந்த 80 பேரின் வருமானம், வேலை, உடல்நலம் என்று அறிக்கை எழுதினால் அது பெரும்பாலும் கைதவறியவர்களைப் பற்றிய அறிக்கை. சிறிய குழுவை எண்ணும்போது பெரிய குழுவின் சின்னஞ்சிறு பிழையே அதை மூழ்கடித்துவிடும். மருந்து எளிது: இரு விடைகளும் வேறுபட்டால் மட்டும், 'பிறப்பில் இப்படி, இப்போது இப்படி என்று குறித்திருக்கிறீர்கள், சரிதானா?' என்று ஒரு திரை. இல்லை என்றால் திருத்த வழி. தாளில் என்றால் இரு கேள்விகளையும் அடுத்தடுத்து ஒட்டி வைக்காமல் இடம் விடுங்கள். விடைகளின் வரிசையை இரண்டிலும் ஒரே மாதிரி வையுங்கள்.

குறியீடுகளிலும் கவனம் வேண்டும். ஐஎஸ்ஓ/ஐஇசி 5218 என்ற தரநிலை நான்கு எண்களைத் தருகிறது: 0 தெரியாது, 1 ஆண், 2 பெண், 9 பொருந்தாது. மூன்றாம் பாலினத்துக்கு 9ஐப் போடுவது பல தரவுத்தளங்களில் நடக்கும் அபத்தம். அது, கேள்வியே பொருந்தாத இடத்துக்கான எண். 'தெரியாது', 'சொல்ல விரும்பவில்லை', 'கேட்கவில்லை' மூன்றையும் ஒரே வெற்றிடமாக விட்டால் பின்னால் எவரும் பிரிக்க முடியாது. கடவுச்சீட்டுக்கான பன்னாட்டு விதியில் ஆண், பெண், எக்ஸ் மூன்றும் உண்டு. கண்ணால் படிக்கும் பகுதியில் எக்ஸ் என்று இருப்பது, இயந்திரம் படிக்கும் வரியில் நிரப்புக் குறியாக (<) வரும். இரண்டே எழுத்துகளை ஏற்கும்படி சரிபார்ப்பு எழுதிய மென்பொருள், செல்லுபடியாகும் ஆவணத்தைப் பிழை என்று தள்ளிவிடும்.

கேட்கச் சங்கடமாக இருக்கிறது என்று பெயரை வைத்தோ முகத்தை வைத்தோ ஊகிக்கும் மென்பொருளை வாங்கி மாட்டாதீர்கள். 2018இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ரூவும் சந்தையில் இருந்த மூன்று முகப் பகுப்பு மென்பொருள்களைச் சோதித்தபோது, கருநிறப் பெண்களிடம் பிழை 34.7 விழுக்காடு வரை போனது. வெளுத்த நிற ஆண்களிடம் மிக அதிகமாக 0.8 விழுக்காடு. ஊகித்ததைக் 'கேட்டுப் பெற்றது' போலப் பதிந்துவிட்டால் அதைத் திருத்த உரியவருக்கு வழியே கிடையாது.

திறன் சோதனைகளில் பாலினக் கட்டத்தைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். முதலிலேயே பாலினத்தை நினைவூட்டினால் மதிப்பெண் குறையும் என்று முன்பு பெரிதாகச் சொல்லப்பட்டது. 2018இல் நெதர்லாந்துப் பள்ளி மாணவர்கள் 2,000க்கும் மேற்பட்டோரிடம் ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதிவு செய்து நடத்திய சோதனையில் அந்த விளைவு தென்படவில்லை. ஆகவே இது பெரிய மாற்றத்தைத் தரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டோம். கடைசியில் வைக்கச் செலவு ஏதுமில்லை என்பதும், திருத்துகிறவர் கண்ணில் அது முதலில் படாது என்பதும் போதுமான காரணங்கள்.

படங்களும் கேள்விகளே. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் 1966 முதல் 1977 வரை 4,807 குழந்தைகளிடம் விஞ்ஞானியை வரையச் சொன்னபோது பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர், எல்லோரும் சிறுமிகள். பின்னாளைய ஆய்வுகளில் அமெரிக்கக் குழந்தைகள் வரைந்தவற்றில் சராசரியாக 28 விழுக்காடு பெண்கள். குழந்தைகள் கண்டதை வரைகிறார்கள். மருத்துவர் சின்னத்துக்கு ஆண், செவிலியர் சின்னத்துக்குப் பெண், 'குடும்பத் தலைவர்' என்றால் தானாக ஆண் என்று உங்கள் செயலி நிரப்பிக்கொண்டிருந்தால் அதை ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம்.

அட்டவணையை வெளியிடும் முன் ஒரு விஷயம். வயது, தொழில், வட்டாரம், பாலினம் நான்கையும் குறுக்கே வெட்டினால் அட்டவணையின் ஏதோ ஒரு கட்டத்துக்குள் ஒரே ஒருவர் மிஞ்சுவார். அது யார் என்று அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும். ஒரு குறைந்தபட்ச எண்ணை (5 அல்லது 10 என்று பலரும் வைக்கிறார்கள்) முன்கூட்டியே முடிவு செய்து, அதற்குக் கீழ் வந்தால் மறையுங்கள். அந்த ஒரு கட்டத்தை மட்டும் மறைத்து மொத்தத்தைக் கீழே போட்டால் கழித்தே கண்டுபிடித்துவிடலாம். கிடைவரிசையில் ஒன்று, நெடுவரிசையில் ஒன்று என்று கூடுதலாக மறைத்தாக வேண்டும்.

கடைசியாக, உங்களிடம் ஏற்கெனவே கிடக்கும் பழைய தரவு. புதிய படிவம் வந்ததும் பழைய நெடுவரிசைக்குப் 'பிறப்புப் பால்' என்றோ 'பாலினம்' என்றோ பெயர் மாற்றிக் கைகழுவிவிட வேண்டாம். அதில் சிலர் சான்றிதழில் உள்ளதை எழுதியிருப்பார்கள், சிலர் தம்மை உணர்வதை எழுதியிருப்பார்கள், சிலருடையதை எழுத்தர் பார்த்த மாத்திரத்தில் நிரப்பியிருப்பார். 'வரையறை இல்லாமல் கேட்டது' என்று குறிப்பிட்டு அப்படியே வையுங்கள். ஒரு மாதிரிக் குழுவிடம் பழைய கேள்வியையும் புதிய கேள்விகளையும் ஒரு சுற்றாவது சேர்த்துக் கேளுங்கள். இரண்டுக்கும் இடையே எவ்வளவு நகர்வு என்று தெரிந்தபின் காலவரிசை வரைபடத்தில் மாறிய ஆண்டில் ஒரு கோடு போட்டுப் பிரியுங்கள். அந்தக் கோடு இல்லாவிட்டால், கேள்வி மாறியதால் வந்த ஏற்றத்தை மக்கள் மாறியதாக அடுத்து வருகிறவர் எழுதுவார்.

இப்படிக்கு,
பாலினத் தரவைக் கையாளும் ஆய்வாளர்கள்